பவர் கார்டை மாற்றினால் பாட்டு இனிக்குமா? ஆயிரங்களைச் செலவழிக்கும் முன் ஒரு நிமிடம்!

வீட்டில் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கியாகிவிட்டது. அடுத்து, `இன்னும் கொஞ்சம் நல்லா கேட்டா எப்படி இருக்கும்?' என்ற ஆசை எட்டிப்பார்க்கும். அப்போது கண்ணில் படுவதுதான், ஆடியோ பிரியர்களுக்கென்றே விற்கப்படும் பவர் கார்டு. பாம்பு போன்ற தடிமன், தங்க முலாம் பூசிய பின், கூடவே `பேஸ் இறுகும், குரல் தெளியும்' என்ற வாக்குறுதி. விலை சில ஆயிரங்களில் தொடங்கி, லட்சத்தையும் தாண்டுகிறது. பெட்டியோடு வந்த சாதாரண கறுப்பு கார்டோ, கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும்.

இந்த விலை வித்தியாசம் காதுக்குக் கேட்குமா?

கார்டில் ஓடுவது பாட்டு அல்ல!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஸ்பீக்கர் வயரில்தான் பாட்டின் சிக்னல் போகிறது. பவர் கார்டில் ஓடுவது, மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் வரும் அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். ஆம்ப்ளிஃபயர் அதை அப்படியே பயன்படுத்துவதில்லை. உள்ளே அதை டி.சி மின்சாரமாக மாற்றி, கெப்பாசிட்டர்களில் சேமித்து, அதிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி! தொட்டியில் போதுமான தண்ணீர் இருக்கும்வரை, மோட்டார் பைப் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் குழாயில் வரும் தண்ணீர் மாறப்போவதில்லை.

கடைசி ஒன்றரை மீட்டர்

தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கம்பம், மீட்டர், சுவருக்குள் ஓடும் வயர் எனப் பல மீட்டர் தாண்டித்தான் மின்சாரம் பிளக் பாயின்ட்டுக்கு வருகிறது. நாம் மாற்றுவது அதில் கடைசி ஒன்றரை மீட்டரை மட்டும். 200 வாட் இழுக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு, 0.75 சதுர மி.மீ செம்பு கார்டில் குறையும் மின்னழுத்தம் 0.1 வோல்ட்கூட இல்லை. பக்கத்தில் யாராவது தண்ணீர் மோட்டார் போட்டாலே, வோல்டேஜ் அதைவிடப் பல மடங்கு ஏறி இறங்கும்.

கண்ணை மறைத்தால் என்ன ஆகும்?

2004-ல் அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ பகுதியைச் சேர்ந்த ஆடியோ ஆர்வலர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சாதாரண கார்டு. மறுபக்கம் 2,000 டாலருக்கும் மேல் விலையுள்ள கார்டு. எது இணைக்கப்பட்டிருக்கிறது என்பது கேட்பவர்களுக்குத் தெரியாது. மொத்தம் 149 பதில்களில் சரியானவை 73, அதாவது 49 சதவிகிதம். காசு சுண்டிப் போட்டுச் சொல்லியிருந்தாலும் இதே அளவுதான் வந்திருக்கும்!

அப்படியென்றால், `எனக்கு வித்தியாசம் தெரிந்தது' என்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பணம் கொடுத்து வாங்கிய பொருளை நம் மனம் கூடுதல் கவனத்தோடு கேட்கிறது. அதுவரை கவனிக்காத வீணை நரம்பின் அதிர்வு அப்போதுதான் காதில் விழுகிறது. அது பாட்டில் முன்பே இருந்ததுதான்.

கார்டு நிஜமாகவே பிரச்னை ஆகும் இடங்கள்

* பிளக் லூஸாக இருந்தால் கரகர சத்தம் வரலாம். சூடாகி உருகவும் செய்யும். ஐ.எஸ்.ஐ முத்திரையுள்ள கார்டை வாங்கி மாற்றுங்கள்.

* சிக்னல் வயரோடு ஒட்டி ஓடும் பவர் கார்டு, `ம்ம்ம்' என்ற இரைச்சலைக் கொண்டுவரலாம். இரண்டையும் தள்ளிவைத்தாலே போதும், செலவே இல்லை.

* ஆம்ப்ளிஃபயர் ஒரு போர்டிலும் டி.வி வேறொரு போர்டிலும் இருந்தால், எர்த் வழியாகவும் அதே இரைச்சல் வரக்கூடும். இரண்டையும் ஒரே போர்டில் இணைத்துப் பாருங்கள்.

* இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை உடைப்பது, கழற்றிவிடுவது மட்டும் கூடவே கூடாது. உள்ளே கசிவு ஏற்பட்டால், ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பைத் தொடும் குழந்தைக்கு ஷாக் அடிக்கும். உயிருக்கே ஆபத்து!

வாங்கும் முன் வீட்டிலேயே ஒரு டெஸ்ட்

நண்பரிடமிருந்தோ கடையிலிருந்தோ விலை உயர்ந்த கார்டு ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு வாங்கி வாருங்கள். நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விட, வீட்டில் பெரியவர் ஒருவர் காசு சுண்டி, தலை விழுந்தால் புதியது, பூ விழுந்தால் பழையது என மாட்டட்டும். சுவிட்சை அணைத்த பிறகே மாற்ற வேண்டும். கார்டு தெரியாதபடி துணியால் மூடிவிட்டு, அவர் வெளியே போனதும் நீங்கள் உள்ளே வாருங்கள். அதே பாட்டு, அதே வால்யூம், பத்து முறை. ஐந்து, ஆறு சரியாக வந்தால் அது வெறும் யூகம். ஒன்பது அல்லது பத்து வந்தால், கார்டைப் பற்றி யோசிக்கலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய நூற்றில் ஒரு வாய்ப்புதான் இருக்கிறது.

சத்தம் நிச்சயமாக மாற வேண்டுமென்றால், ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து ஓரடி முன்னால் இழுத்துவையுங்கள். வெறும் தரையில் ஒரு ஜமுக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குத் தடிமனான திரை போடுங்கள். இந்த வித்தியாசத்தை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் வீட்டில் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மிச்சமாகும் பணத்தில், முதலில் ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள்!