சிறுநீர்க் கிருமியைச் சில நிமிடங்களில் கண்டுபிடிக்கலாம். போத்தல் வெயிலில் கிடக்காமல் இருந்தால்!

கோலசிலாங்கூர் - சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்று வலி என்று கிளினிக்கிற்குச் செல்பவருக்கு அன்றே மருந்து கிடைத்துவிடுகிறது. ஆனால், எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்ற முழு விடை வர இரண்டு மூன்று நாள்கள் ஆகும். அதுவரை மருத்துவர் தருவது அனுபவத்தை வைத்துக் கணித்த மருந்துதான். கணிப்பு தவறினால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிடலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

கிளினிக்கில் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டை தொற்றுக்கான அறிகுறியை மட்டுமே காட்டும். கிருமியின் பெயரைச் சொல்லாது. பெயர் தெரிய, ஆய்வகத் தட்டில் கிருமியை 18 முதல் 24 மணி நேரம் வளர்க்க வேண்டும். பெரும்பாலும் சிக்குவது குடலில் வாழும் ஈ-கோலை கிருமி.

இங்கேதான் 'மால்டி-டோஃப்' கருவி கைகொடுக்கிறது. வளர்ந்த கிருமியில் ஒரு துளியை உலோகத் தகட்டில் தடவி, லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். கிருமியின் புரதங்கள் சிதறிப் பறக்கின்றன. எடை குறைந்தது முன்னே, கூடியது பின்னே வந்து சேரும். அந்த நேரக் கணக்கு ஒவ்வொரு கிருமிக்கும் கைரேகை மாதிரி. கணினி அதை ஒப்பிட்டுச் சில நிமிடங்களில் பெயரைச் சொல்லிவிடும். இத்தகைய லேசர் முறைக்கு வழிவகுத்த ஜப்பானியர் கொய்ச்சி தனாகா 2002-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கிருமி ஏராளமாக, அதுவும் ஒரே வகையாக இருந்தால், தட்டில் வளர்க்காமல் சிறுநீரிலிருந்தே நேரடியாகப் பிரித்துப் பார்க்கவும் முடியும். ஆனால் பெயர் தெரிந்தால் போதாது. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதையும் சுமார் 45 நிமிடங்களில் சொல்லும் சுவீடன் நாட்டுக் கருவி ஒன்று 2024-இல் பிரிட்டனின் லாங்கிட்யூட் பரிசை, 80 லட்சம் பவுண்டை, வென்றது.

எந்தக் கருவியானாலும் மாதிரி கெட்டிருந்தால் பயனில்லை. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புறங்களில் காலையில் எடுத்த போத்தலை மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியில் வைத்து, வேலை முடிந்து கொண்டுபோனால் என்ன ஆகும்? தோதான சூட்டில் ஈ-கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரட்டிப்பாகும். தோலிலிருந்து தவறி விழுந்த சில கிருமிகளும் பெருகி, முடிவையே குழப்பிவிடும்.

ஆகவே முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும். கிளினிக்கிலேயே எடுத்துக் கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் இரண்டு மணி நேரத்திற்குள் ஒப்படைக்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் பழைய ஆன்டிபயாடிக் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மாதிரி கொடுக்கப் போனால், கிருமி இருந்தும் தட்டில் வளராமல் போகக்கூடும். போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.