மேம்பாலம் வந்தாச்சு, பஸ் எங்கே?

கோவை அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நீளத்துக்குக் கட்டப்பட்ட ஜி.டி.நாயுடு மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. செலவு 1,791 கோடி ரூபாய். சிக்னலுக்குச் சிக்னல் நின்று தவித்தவர்களுக்கு இது நிம்மதிதான். நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமிக் கக்கும் புகை குறையும் என்பதும் சரியே. ஆனால் நெரிசல் தீர்ந்தால் காற்றும் சுத்தமாகிவிடும் என்று நம்புவது தப்புக்கணக்கு. எல்லா வண்டிகளும் சேர்ந்து எத்தனை கிலோமீட்டர் ஓடுகின்றன என்பதும் மாசைத் தீர்மானிக்கிறது. அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து டுரான்டன், டர்னர் என்ற பொருளாதார அறிஞர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, பெருஞ்சாலை எந்த அளவு கூடுகிறதோ ஏறக்குறைய அதே அளவு வண்டி ஓட்டமும் கூடுகிறது என்கிறது.

அது எப்படிக் கூடுகிறது என்பதை அவிநாசி, கருமத்தம்பட்டி, நீலம்பூர் பக்கம் காணலாம். தோட்டங்கள் சைட்டுகளாகப் பிரிகின்றன. விளம்பரப் பலகை ‘ஏர்போர்ட்டுக்கு இத்தனை நிமிடம்’ என்கிறது. அது கார்க்காரரின் நிமிடம். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று பலகையில் இருக்காது. அங்கே வீடு கட்டுகிறவர் வேலைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வண்டி எடுத்தே ஆக வேண்டும். ரோடு விரைவாக இருப்பதால் இன்னும் தள்ளி சைட் போடுகிறார்கள். 2011-ல் கோவை மாநகராட்சியின் பரப்பு 105 சதுர கி.மீ.யிலிருந்து 257 ஆனது; ஊர் அந்த எல்லையையும் தாண்டிவிட்டது.

ஃபவுண்டரிகளை விட்டுவிட்டுக் காரைக் குறை சொல்வதா என்று கேட்கலாம். ஆலைப் புகையையும் கட்டுப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் ஆலைக்குப் புகைபோக்கி இருக்கிறது, கேள்வி கேட்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. வண்டிப் புகையோ நடப்பவரின் மூக்குக்கு நேரே வருகிறது. மின்சாரக் கார் தீர்வாகாதா? புகை போகும், டயர் தேய்மானமும் சாலைப் புழுதியும் போகாது. பி.எம். 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 40. வரம்புக்குள் இருக்கிறோம் என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி அல்ல.

பஸ் இல்லாததால்தானே வண்டி வாங்குகிறோம் என்பது நியாயமான மறுப்பு. குற்றவாளி வண்டி வாங்கியவர் அல்ல. அவிநாசி ரோடு, சத்தி ரோடு வழியாகத் திட்டமிட்ட மெட்ரோவை, 2011 கணக்குப்படி மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்று ஒன்றிய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பியது. எல்லைக்கு வெளியே சைட் வாங்கி, தினமும் நகருக்குள் வந்து போகிறவர்கள் மாநகராட்சிக் கணக்கில் வருவதில்லை. ஆனால் மெட்ரோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. தண்ணீர், சாக்கடை, ரோடு பார்த்து லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அரசு, நடக்கும் தூரத்தில் பஸ் நிறுத்தமும் முறையான பஸ் நேரமும் உண்டா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அனுமதி கொடுக்கக் கூடாது.