தேன்சிட்டைப் படம் பிடிக்க

நம் ஊர்ப் பக்கம் செம்பருத்தியில் வளைந்த அலகை நுழைக்கும் குட்டிப் பறவையைப் பலரும் ஹம்மிங் பறவை என்றே நினைக்கிறார்கள். ஹம்மிங் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்வது. நம்மிடம் இருப்பது தேன்சிட்டு. அதுவும் அழகில் எள்ளளவும் குறைந்ததல்ல!

ஹம்மிங் பறவை அந்தரத்தில் நின்றபடியே தேன் குடிக்கும். தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பில் தொற்றிக்கொண்டுதான் குடிக்கும். படமெடுப்பவருக்கு இது பெரிய வசதி. பூத்த செடிக்கு எதிரே, காலை வெயில் உங்கள் முதுகில் விழும்படி அசையாமல் நில்லுங்கள். ஆண் சிட்டின் மினுமினுப்பு வெறும் சாயமல்ல; இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுப் பிறப்பது. வெளிச்சம் பறவைக்குப் பின்னால் இருந்தால் படத்தில் கறுப்புதான் மிஞ்சும். ஷட்டர் வேகம் நொடியில் 1000-இல் ஒரு பங்காவது இருக்கட்டும்.

அலகு நன்றாக நீண்டிருந்தால் அது லோட்டன் தேன்சிட்டாக இருக்கலாம். 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அதற்கு.

கூட்டை மட்டும் தயவுசெய்து நெருங்காதீர்கள். சிலந்தி நூலால் பிணைத்த அந்தத் தொங்கு பையில் அடைகாப்பது பெண் சிட்டு. நம்மைக் கண்டு அது விலகியிருக்கும் நேரமெல்லாம் முட்டையின் சூடு குறைகிறது.