விரலுக்கும் மார்க் உண்டு, தெரியுமா?

மோதிர விரலை மட்டும் தனியாக மடக்குங்கள், பார்க்கலாம்! பக்கத்து விரல்களும் கூடவே வந்துவிட்டனவா? வரத்தான் செய்யும். விரல்களை மடக்கி நீட்டும் தசை எதுவும் விரல்களுக்குள் கிடையாது, தெரியுமா? எல்லாம் உள்ளங்கையிலும் முழங்கைக்குக் கீழேயும்தான். அங்கிருந்து தசைநாண்கள் பொம்மலாட்டக் கயிறு மாதிரி இழுக்க, விரல் ஆடுகிறது. ஆட்டுவிக்கும் மூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம் வந்து கை விழுந்துவிடலாம். விழுந்த கை எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று எப்படிச் சொல்வது? “பரவாயில்லை, தேறிட்டு வர்றாரு” என்றால் போதுமா?

போதாது என்று 1975-இல் சுவீடனின் ஆக்ஸல் ஃபுகல்-மேயரும் குழுவினரும் கைக்குப் பரீட்சையே வைத்துவிட்டார்கள்! தோள் முதல் விரல் வரை மொத்தம் 66 மார்க். முடியவே இல்லையா, 0. அரைகுறையா, 1. முழுசாகச் செய்தால் 2. இதில் விரல்களும் பிடியும் சேர்ந்து 14 மார்க். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு காகிதத்தை இடுக்கச் சொல்லி, சோதிப்பவர் அதை உருவப் பார்ப்பார். விடாமல் பிடித்தால் 2!

இன்னொரு சோதனையில் ஒரு பெட்டி நிறைய இரண்டரை சென்டிமீட்டர் மரக்கட்டைகள், எண்ணி 150. நடுவில் தடுப்பு. ஒரு நிமிடத்தில் ஒவ்வொன்றாக எத்தனையைத் தாண்டிப் போடுகிறீர்கள்? நலமாக இருப்பவர்கள் பொதுவாக 60-க்கு மேல் போட்டுவிடுவார்கள். 1981-இல் வந்த வேறொரு தேர்வு இன்னும் பொல்லாதது: ஆறு மில்லிமீட்டர் பேரிங் குண்டை மோதிர விரலாலும் கட்டைவிரலாலும் மட்டுமே பிடித்துத் தூக்க வேண்டும். நலமான கைக்கே கொஞ்சம் கவனம் வேண்டிய வேலை.

சரி, இதையெல்லாம் விடுங்கள். பக்கவாதம் வந்த 72 மணி நேரத்துக்குள் விரல் கொஞ்சம் நீள்கிறதா என்று பார்த்தே, ஆறு மாதம் கழித்துக் கை எப்படி இருக்கும் என்று ஓரளவு கணிக்கலாம், தெரியுமா? நெதர்லாந்தில் 188 பேரைப் பின்தொடர்ந்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. விரலைக் கொஞ்சம் நீட்டவும் தோளைப் பக்கவாட்டில் கொஞ்சம் தூக்கவும் முடிந்தவர்களுக்கு, ஆறு மாதத்தில் ஓரளவாவது கைத்திறன் திரும்பும் வாய்ப்பு 98 சதவீதம்! இரண்டும் முடியாதவர்களுக்கு 25. கவனியுங்கள், பூஜ்யம் அல்ல, நாலில் ஒருவர். அதனால் இதைப் படித்த கையோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் மாமாவின் விரலைச் சோதிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

மடக்குவதைக் கேட்காமல் நீட்டுவதைக் கேட்டார்கள் என்பதுதான் இங்கே விசேஷம். நம் வீடுகளில் உடனே ஒரு ரப்பர் பந்தை வாங்கிக் கொடுத்து “அமுக்குங்க, அமுக்குங்க” என்கிறோம். பலருக்கு அமுக்குவது வந்துவிடுகிறது. பிடித்த பந்தை விடுவதுதான் பெரும்பாடு!

வலுவும் நேர்த்தியும் ஒன்றல்ல என்பதும் அளந்துதான் தெரிந்தது. பக்கவாதம் வந்தவர்களின் ஐந்து விரலுக்கும் தனித்தனி உணரி வைத்து, ஒரு விரலால் மட்டும் அழுத்து, மற்றவை அசையக் கூடாது என்றார்கள். 2017-இல் வந்த அந்த ஆய்வின்படி, விரல்வலு ஒரு பாதையிலும் விரல்களைத் தனித்தனியே ஆளும் திறன் வேறு பாதையிலும் மீள்கின்றன. இரண்டும் பெரும்பாலும் மீள்வது முதல் மூன்று மாதத்துக்குள்!

நம்மூர்ச் சங்கதியும் உண்டு. தம்ளரை எடுக்கக் கை நீட்டும்போது வேகம் ஒரே சீராக ஏறி இறங்கும். வரைபடத்தில் ஒரே மேடு. பக்கவாதம் வந்த கை தயங்கித் தயங்கிப் போவதால் மேடு மேடாக விழும். இந்தத் தயக்கத்தை ஒரே எண்ணாக்கும் ‘ஸ்பார்க்’ என்ற கணக்கைச் சகாக்களோடு உருவாக்கியவர் வேலூர் சி.எம்.சி.யின் சிவகுமார் பாலசுப்ரமணியன். அதே சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்ற கைப்பயிற்சி ரோபோவையும் செய்திருக்கின்றன. ஒரே மோட்டார்தான், பிடியை மாற்றி மாட்டினால் மணிக்கட்டுக்கும் ஆகும், விரல் விரிக்கவும் ஆகும்.

பரீட்சையில் மார்க் வாங்கிய கை வீட்டில் வேலை செய்கிறதா? அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம் போன்ற உணரியைக் கட்டிப் பார்த்தார்கள். முதல் ஆச்சரியம்: நலமானவர்களின் வலது கை ஒரு நாளில் சுமார் ஒன்பது மணி நேரம் அசைந்தால், இடது கையும் கிட்டத்தட்ட அவ்வளவு அசைகிறது! அடுத்தது கசப்பு: சிகிச்சையில் மார்க் ஏறிய பலருக்கு, வீட்டில் அந்தக் கையின் புழக்கம் ஏறவே இல்லை. மணிக்கட்டு உணரிக்கும் ஒரு குறை உண்டு. நடக்கும்போது கை வீசினாலும் அதையும் ‘வேலை’ என்று எண்ணிவிடும். எனவே கலிஃபோர்னியாவின் அர்வைன் பல்கலைக்கழகத்தில் விரலுக்குக் காந்த மோதிரம் போட்டார்கள். மோதிரம் அசைவதை மணிக்கட்டுக் கருவி உணர்ந்து, விரல் அசைவை மட்டும் எண்ணுகிறது.

அளப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நார்வேயின் மூளை உடற்கூறு நிபுணர் ஆல்ஃப் புரோடல், 1972-இல் தனக்கே பக்கவாதம் வந்தபோது தன்னையே கவனித்து, மறு ஆண்டு ஆய்வுக் கட்டுரை எழுதினார். விழுந்தது இடது பக்கம். ஆனால் வலது கையால் எழுதிய கையெழுத்தும் கெட்டுப்போயிருந்தது! அப்படியானால், “நல்ல கையோடு ஒப்பிட்டு மார்க் போடுங்கள்” என்று சொல்லும்போது, எந்தக் கையை நல்ல கை என்பது?