வறண்ட வேளையிலும் நிலைத்திருப்போம்



செபிக்க அமர்கிறோம், மனம் ஒட்டுவதில்லை. திருப்பலியில் நிற்கிறோம், உள்ளம் வெறுமையாய் இருக்கிறது. 'இத்தனை நாள் செபித்து என்ன கண்டோம்?' என்று உள்ளுக்குள் ஒரு குரல் எழுகிறது. ஆன்மீகப் போராட்டம் பல நேரங்களில் இப்படித்தான் தொடங்குகிறது.

புனித இஞ்ஞாசியார் இதை அனுபவித்து அறிந்தவர். 1522-இல் மன்ரேசாவுக்கு வந்து தங்கிய அவர், அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் மீண்டும் எண்ணி வதைபட்டார். உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைகூட வந்தது. ஆயினும் அவர் செபத்தைக் கைவிடவில்லை. அந்த அனுபவமே 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலுக்கு வித்தாயிற்று. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்த அந்நூல் நமக்கு மூன்று வழிகளைக் காட்டுகிறது.

முதலாவது, வறட்சியான நேரத்தில் முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக் கூடாது. அவ்வேளையில் நமக்கு ஆலோசனை சொல்வது தீய ஆவியே.

இரண்டாவது, செபத்தைக் குறைக்காமல் சற்றுக் கூட்ட வேண்டும். பத்து நிமிடம் செபிக்கிறவர்கள் பதினோரு நிமிடம் செபிப்போம். அலகைக்கு அதுவே தோல்வி.

மூன்றாவது, சோதனையை மறைக்கக் கூடாது. அலகை இரகசியத்தையே விரும்புகிறது. ஒப்புரவு அருளடையாளத்தில் குருவிடம் மனம் திறந்தால் அதன் சூழ்ச்சி உடைகிறது.

கெத்சமனியில் வேதனை மிகுந்தபோது நம் ஆண்டவரும் இன்னும் உருக்கமாகவே செபித்தார் (லூக் 22:44). உணர்வு வற்றினாலும் அவர் நம்மைவிட்டு அகல்வதில்லை. எனவே இன்றைய செபத்தை இன்றே செபிப்போம், நம்பிக்கையில் நிலைத்திருப்போம்.