பதிவு எண் கேட்பது அவமரியாதை அல்ல

பந்தலூரிலிருந்து ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். கூடலூரில் பஸ் மாறி, நடுவட்டம் மலைப்பாதையில் ஏற வேண்டும். மழைக்காலத்தில் எங்காவது மரம் விழுந்து வழி அடைபட்டால் அந்த நாளும் போதாது. எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவருக்கு அன்றைய கூலி போய்விடும். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு போய் மனநலப் பிரிவின் வாசலில் உட்கார்ந்தால், தெரிந்த முகம் எதிரே வந்துவிடுமோ என்ற பயம் வேறு. கோத்தகிரியின் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் குன்னூரின் எஸ்டேட் லைன்களிலும் ஒருவர் இன்னொருவருக்கு உறவாக இருப்பார், அல்லது உறவுக்கு உறவாக இருப்பார். செய்தி நம்மைவிட முன்னால் வீடு போய்ச் சேரும்.

அதனால்தான் கைப்பேசியில் தெரபிஸ்ட் தேடும் வழக்கம் மலையிலும் வந்துவிட்டது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். உறக்கமில்லாமல், யாரிடமும் சொல்ல முடியாமல் ஆண்டுக்கணக்கில் தவித்தவர்களுக்கு இது ஒரு திறந்த கதவு. ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கேட்க நம் மக்கள் கூச்சப்படுகிறார்கள். பச்சைத்தேயிலை விலையை ஏஜென்டிடம் தயங்காமல் கேட்கும் விவசாயி, தன் மனதைத் திறந்து காட்டப்போகும் ஆளிடம் “உங்கள் பதிவு எண் என்ன?” என்று கேட்கத் தயங்குகிறார்.

முதலில் யார் யார் என்று பார்ப்போம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் மேற்படிப்பும் படித்த மருத்துவர். மருந்து எழுத அவருக்கு உரிமை உண்டு. மாநில மருத்துவக் கவுன்சிலில் அவர் பதிவு செய்திருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் பெயரை இட்டுத் தேடினால் அந்தப் பதிவு தெரியும். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சின் வழியாகவும் சோதனைகளின் வழியாகவும் சிகிச்சை தருபவர் அவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்தப் பதிவு இல்லாமல் இந்தத் தொழில் செய்வது குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. இந்தக் கவுன்சிலின் தளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்கலாம். வழக்கமான எம்.எஸ்ஸி. சைக்காலஜி மட்டும் முடித்தவர் தன்னைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள முடியாது. இதைப் பலர் அறிந்திருக்கவில்லை.

சிக்கல் மூன்றாவது வகையில்தான். கவுன்சிலர், தெரபிஸ்ட், லைஃப் கோச், ஹீலர் என்ற பெயர்களை இன்று யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். இவர்களில் உளவியல் கவுன்சிலர்களை ஒழுங்குபடுத்த 2021-இல் தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டம் வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, மிக நல்ல கவுன்சிலர்கள் பலரிடம்கூட அரசுப் பதிவு எண் இருக்காது. எனவே பதிவு இல்லாதவரெல்லாம் போலி என்று சொல்வது நியாயமாகாது. அவர்களிடம் வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தில், எத்தனை ஆண்டு படித்தீர்கள்? நேரில் வகுப்புக்குப் போய்ப் படித்ததா, வார இறுதிச் சான்றிதழா? உங்கள் வேலையை மேற்பார்வையிடும் மூத்தவர் யார்? உங்களால் முடியாத நிலை வந்தால் என்னை எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலைக் கவனித்துக் கேளுங்கள். நன்றாகப் பயின்றவரிடம் அதற்குப் பதில் தயாராக இருக்கும். “அப்படியெல்லாம் தேவையே வராது, பத்து செஷனில் நானே சரிசெய்துவிடுவேன்” என்பவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

மருத்துவராக இருந்தால் நீங்கள் கேட்கும் வரை அவர் காத்திருக்கவே கூடாது. 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள், பதிவு எண்ணை மருந்துச்சீட்டில், இணையதளத்தில், வாட்ஸ்அப் செய்தியில், ரசீதில் என எல்லா இடத்திலும் மருத்துவர் காட்ட வேண்டும் என்கின்றன. மனதின் மீது வேலை செய்யும் மருந்துகளில் பலவற்றை இணையவழியில் எழுதவே கூடாது என்று தடைப்பட்டியலும் அவற்றில் உண்டு. முகம் பார்க்காமல், இரண்டு நிமிடம் பேசிவிட்டு, மாத்திரைப் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவரை நம்பாதீர்கள். மருத்துவர் அல்லாத ஒருவர் மாத்திரை சொன்னால் அது நேரடியான சட்டமீறல். அதே நெறிகள் இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கின்றன. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவும் கூடாது, மருந்து எழுதவும் கூடாது. இரவு இரண்டு மணிக்குச் சாட்பாட்டிடம் அழுது தீர்க்கும் இளைஞர்களின் நிலை எனக்குப் புரிகிறது. அந்த நேரத்தில் வேறு யார் விழித்திருக்கிறார்கள் என்பது நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் இருக்கிறது: 14416. ‘டெலி மானஸ்’ என்ற இந்தத் தேசிய மனநலத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் நடக்கிறது. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையென்றால் மனநல மருத்துவர் போன்ற நிபுணரிடம் இணைப்பார், பக்கத்து அரசு மருத்துவமனைக்கும் வழிகாட்டுவார். ஒரு செஷனுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று பணம் கட்டும் முன் இந்த எண்ணை ஒருமுறை முயன்று பாருங்கள் என்பதே என் முதல் யோசனை. உங்களுக்குத் தேவை மருந்தா, பேச்சுச் சிகிச்சையா, இரண்டுமா என்பது அங்கேயே ஓரளவு தெளிவாகிவிடும். கேட்கும் காது மட்டும் போதும் என்றால், 1986 முதல் சென்னையில் இயங்கும் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு மையத்தின் தன்னார்வலர்களை 044-24640050 என்ற எண்ணில் அழைக்கலாம்.

திரை வழியாகச் செய்யக்கூடாத வைத்தியமும் உண்டு. உயிரை விட்டுவிடும் எண்ணம் அழுத்துகிறது, இல்லாத குரல் காதில் கேட்கிறது, பல நாளாகச் சுத்தமாகத் தூக்கமில்லை என்றால் 108 ஆம்புலன்ஸை அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். குடியும் அப்படித்தான். எஸ்டேட் குடும்பங்களில் ‘இவரை நிறுத்த வையுங்கள்’ என்று ஆன்லைன் கவுன்சிலரிடம் கேட்பது அதிகம். பல ஆண்டுகளாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, புத்தித் தடுமாற்றம் வரை போகலாம், உயிருக்கும் ஆபத்து வரலாம். அவர் மருத்துவரின் கண்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். இதைச் சொல்லாமல் மன உறுதி பற்றி மட்டும் பேசும் கவுன்சிலருக்கு இந்த வேலை தெரியவில்லை என்று பொருள்.

தகுதி சரியாக இருந்தால் மட்டும் ஒருவர் நமக்குப் பொருந்திவிட மாட்டார். நீலகிரியில் இது கூடுதலாகவே உண்மை. வீட்டில் படுகு பேசி வளர்ந்த பாட்டி, பணியர் குடியிருப்பின் இளைஞன், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பத்தின் மூன்றாம் தலைமுறைப் பெண் எனப் பலர் இங்கே இருக்கிறார்கள். சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்து பேசும் தெரபிஸ்டுக்கு இவர்கள் வாழ்க்கை புரியுமா என்பது உண்மையான கேள்வி. பச்சைத்தேயிலை விலை விழுந்தால் வீட்டில் எப்படிச் சண்டை தொடங்குகிறது, யானை நடமாடும் பாதையில் விடியற்காலையில் வேலைக்குப் போகிறவருக்குப் பதற்றம் எப்படி உடம்பிலேயே தங்கிவிடுகிறது என்பதைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் பொறுமை அவரிடம் வேண்டும். முதல் பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள். “யானைக்குப் பயப்படுவது உங்கள் எதிர்மறைச் சிந்தனை” என்று பதில் வந்தால் வேறு ஆளைத் தேடலாம். இரண்டு மூன்று பேரிடம் பேசிப் பார்த்துத் தேர்வது தவறே இல்லை. அதனால்தான் பத்து செஷனுக்கு மொத்தமாகப் பணம் கட்டும் பேக்கேஜை முதல் நாளே வாங்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்று, பேசுவதற்கு இடம். லைன் வீட்டில் ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். சிக்னல் வேண்டுமென்றால் ரோட்டு வளைவுக்குப் போக வேண்டும், அங்கே போவோர் வருவோர் எல்லாம் பார்ப்பார்கள். வீடியோ கட்டாயமில்லை, குரல் அழைப்பு போதும் என்று தெரபிஸ்டிடம் கேளுங்கள். மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தைக் கேளுங்கள். யாராவது அருகில் வந்தால் பேச்சை மாற்ற ஒரு சொல்லை முன்கூட்டியே இருவரும் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் வன்முறையை அனுபவிக்கும் பெண்ணுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கணவர் எடுத்துப் பார்க்கும் போனில் ஆப்பின் அறிவிப்பும் பணம் அனுப்பிய குறுஞ்செய்தியும் நிற்கும். கட்டணமில்லாத எண்ணை நம்பிக்கையான தோழியின் போனிலிருந்து அழைப்பது இன்னும் பாதுகாப்பு.

சொன்னது வெளியே போகாது என்பது வெறும் நல்லெண்ண வாக்குறுதி அல்ல. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 23-ஆம் பிரிவு ரகசியம் காப்பதை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில நிலைகளில் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்குகளை முதல் நாளே விளக்குகிறவர் நல்ல தெரபிஸ்ட். நிறுவனங்களின் கதை வேறு. அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்ற பெரிய ஆன்லைன் தெரபி நிறுவனம், வாடிக்கையாளர்களின் தகவலை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்த குற்றச்சாட்டில், 2023-இல் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. ஃபின்லாந்தில் ஒரு மனநல மையத்தின் கோப்புகளைத் திருடியவன், 2020-இல் நோயாளிகளையே தனித்தனியாக மிரட்டிப் பணம் கேட்டான். ஆகவே ஆப்பில் பதியும்போது முழு முகவரி, வேலை செய்யும் இடம், தொடர்பு எண்கள் என்று தேவைக்கு மேல் கொடுக்காதீர்கள். பேச்சைப் பதிவு செய்வீர்களா, எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள்.

கேட்பதில் வெட்கமில்லை என்பதற்கு உயர்ந்த இடத்திலிருந்தே ஓர் உதாரணம் உண்டு. 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின இணையர் வழக்கு ஒன்றை விசாரிக்கும்போது, தன் புரிதலைத் திருத்திக்கொள்ளத் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து பேச விரும்புவதாக உத்தரவிலேயே எழுதினார், பேசவும் செய்தார். தன்பாலின ஈர்ப்பை ‘குணப்படுத்த’ முயல்வதை அந்த வழக்கில் தடை செய்தார். மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. உங்கள் பிள்ளையை மாற்றித் தருகிறேன் என்று விளம்பரம் செய்பவர் எத்தனை பட்டம் வைத்திருந்தாலும் போகாதீர்கள்.

ஊட்டி, குன்னூர் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளை விட்டிருக்கும் பெற்றோர் ஒரு தீர்ப்பை நினைவில் வைக்க வேண்டும். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதி பெற்ற ஒரு கவுன்சிலரையாவது வைத்திருக்க வேண்டும் என்றும், டெலி மானஸ் உள்ளிட்ட உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிதாக எழுதிவைக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அடுத்த முறை பிள்ளையைப் பார்க்கப் போகும்போது சுவரைப் பாருங்கள். எண் இல்லையென்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏமாற்றப்பட்டால் என்ன செய்வது? பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அழைப்பு வந்த தேதிகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வையுங்கள். மருத்துவர் மீதான புகார் அவர் பதிவு செய்த மாநில மருத்துவக் கவுன்சிலுக்கும், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மீதான புகார் மறுவாழ்வு கவுன்சிலுக்கும் போகும். ரகசியத்தை வெளியே விட்டால் மனநலச் சட்டத்தின்படி முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பாலியல் சீண்டல் என்றால் கவுன்சிலுக்கு எழுதிவிட்டுக் காத்திருக்காமல் காவல் நிலையம் போங்கள். பேசியதை வைத்து மிரட்டிப் பணம் பறித்தால் அன்றே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

பலருக்குத் தெரியாத வழி நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தெரபிஸ்ட் பெங்களூருவில் இருந்தாலும் தில்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். நீலகிரிக்காரர் ஊட்டியிலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டதென்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. தவறு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வைத்துக்கொள்ள விரும்பினால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்து தரும். அதற்கான எண் 15100.