கழுத்துக் கழலையும் கடற்பாசிக் கஷாயமும்

கழுத்திலே சிறியதொரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டால் மனம் கலங்காதவர் எவருமிலர். புற்றுநோயாயிருக்குமோ என்னும் அச்சம் ஒருபுறம். ஊசி, கத்தி என்னும் கலக்கம் மறுபுறம். வைத்தியசாலையின் மொழியும் சரிவரப் புரியாத நிலையில், சைனா ரவுண் வீதியிலுள்ள மூலிகைக் கடை சிலருக்கு ஆறுதலளிப்பதில் வியப்பில்லை. வேரும் இலையும் கஷாயமும் எமக்குப் பழகியவையன்றோ? ஆகவே, இத்தகைய கட்டிகளைப் பற்றிச் சீன வைத்தியம் கூறுவது யாது, அதில் எது மெய்யென நிலைத்தது, எவ்விடத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பவற்றை அறிந்துகொள்வது நன்று.

இறுகிய கோழை

"சீ" எனப்படும் உயிர்ச்சக்தியும் குருதியும் உடலெங்கும் தடையின்றி ஓடுதல் வேண்டும் என்பது சீன வைத்தியத்தின் அடிப்படை. அவ்வோட்டம் தடைப்படுமிடத்து உடலின் நீர்மங்கள் கோழையாகத் திரண்டு, காலப்போக்கில் கட்டியாக இறுகுகின்றன என்பர். இங்கு கோழை என்பது இருமலில் வெளிவரும் சளி மட்டுமன்று. கி.பி. 610இல் சாவ் யுவான்ஃபாங் தொகுத்த நோய்க்காரண நூல், கழுத்துக் கழலைக்கு இரு காரணங்களைக் கூறுகின்றது. ஒன்று, துயரமும் கோபமும் உள்ளே முடிச்சிட்டுக் கொள்ளுதல். மற்றையது, குடிக்கும் நீர்.

ஆகவே நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து, மனக்கவலைகளையும் விசாரித்த பின்னரே சீன வைத்தியர் மருந்து கட்டுவார். இறுகியதை இளக்குதலும் திரண்டதைக் கரைத்தலுமே சிகிச்சையின் நோக்கம். உவர்ப்புச் சுவை இளக்கவல்லது என்னும் கொள்கையின்படி கடற்பாசி, சிப்பி ஓடு ஆகியன முதலிடம் பெறுகின்றன. 1617இல் வெளிவந்த சென் ஷிகோங்கின் அறுவை வைத்திய நூலிலுள்ள கடற்பாசிக் கஷாயம் இன்றும் வழக்கிலுள்ளது.

மெய்யென நிலைத்தது

கழலைக்குக் கடற்பாசியை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கும் முறையை 4ஆம் நூற்றாண்டிலேயே கெ ஹோங் என்னும் வைத்தியர் எழுதி வைத்தார். அது பயனளித்ததன் காரணம் பல நூற்றாண்டுகளின் பின்னரே விளங்கிற்று. 1811இல் பிரான்ஸ் நாட்டவரான கூர்த்துவா கடற்பாசிச் சாம்பலிலிருந்து அயடீனைக் கண்டுபிடித்தார். 1820இல் ஜெனீவா நகர வைத்தியர் குவாண்டே அதனைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பிக்கு அயடீன் இன்றியமையாதது. அது குறையுமிடத்துச் சுரப்பி வீங்குகின்றது. மலைநாட்டு மண்ணிலும் நீரிலும் அயடீன் குறைவு. நீரைக் குறைகூறிய சாவ் யுவான்ஃபாங் உண்மையை அணுகியே நின்றார் எனலாம். சீன அரசு 1994இல் உப்பில் அயடீன் சேர்ப்பதற்கான ஒழுங்குவிதிகளைப் பிறப்பித்து, இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று.

ஒரு மருந்து, பல கட்டிகள்

ஆயினும், கட்டிகள் யாவும் அயடீன் குறைவினால் எழுவன அல்ல. சீனத்து முன்னோரும் இதனை அறிந்திருந்தனர். 1174இல் சென் யான் கழலைகளை ஐந்தாக வகுத்து, கல்லைப்போன்று கடினமாயும் அசையாமலும் இருப்பதனைக் "கல் கழலை" எனத் தனியே பிரித்தார். அவர் விரலால் தடவிப் பிரித்தறிந்ததை, இன்று ஸ்கான் படமும் நுண்ணூசிப் பரிசோதனையும் மேலும் திருத்தமாகப் பிரித்துக் காட்டுகின்றன.

தைரொயிட் கட்டிகளில் 100க்கு ஏறத்தாழ 90 புற்றுநோயல்லாதவை. அவற்றுட் பலவற்றுக்கு மருந்தே வேண்டியதில்லை; காலத்துக்குக் காலம் பார்த்துக்கொண்டாற் போதும். எஞ்சியவற்றை முன்கூட்டியே கண்டறிந்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். கஷாயத்தை நம்பி மாதக்கணக்கிற் காத்திருப்போர் இழப்பது இந்த வாய்ப்பையே.

வேறொரு தீங்கும் உண்டு. வயது வந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவையான அயடீன் 150 மைக்ரோகிராம் மட்டுமே. கஷாயத்துக்கு வழமையாக இடப்படும் 6 முதல் 12 கிராம் கடற்பாசியில் அதனிலும் பன்மடங்கு இருக்கக்கூடும். நாட்பட்ட கட்டிகளுடையோருக்கு இந்த மிகுதியால் சுரப்பி கட்டுமீறிச் சுரந்து, நெஞ்சுப் படபடப்பு, கைநடுக்கம், உடல் மெலிவு ஆகியன தோன்றலாம். கட்டிகளுக்கென வழங்கப்படும் ஹுவாங் யாவ் ஸ் என்னும் வள்ளிக்கிழங்கு இன மருந்து ஈரலைப் பழுதாக்கியமையும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. மறுபுறம், சீன மூலிகைகள் கட்டிகளைக் கரைக்கும் என்பதை உறுதியாக நிறுவும் தரமான ஆய்வுகள் இன்னும் போதியளவில் இல்லை.

எம்மவர் செய்யவேண்டியவை

முதலில் குடும்ப வைத்தியரிடம் காட்டி, கட்டி எத்தகையது என அறிந்துகொள்ளுங்கள். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைத் தருமாறு கேளுங்கள். அச்சந்தரும் செய்தியைத் தாய்க்கோ தந்தைக்கோ மொழிபெயர்க்கும் சுமையைச் சிறு பிள்ளைகள்மேல் ஏற்றாதீர்கள். கட்டி விரைவில் வளர்ந்தாலோ, கல்லாய் இறுகியிருந்தாலோ, குரல் கம்மினாலோ, விழுங்குவது கடினமானாலோ தாமதிக்க வேண்டாம்.

சீன மருந்து அருந்துவோர் அப்பொதியையே கொண்டுசென்று வைத்தியருக்குக் காட்டுதல் வேண்டும். கதிர்வீச்சு அயடீன் பரிசோதனைக்கோ சிகிச்சைக்கோ செல்லுமுன் கடற்பாசி மருந்தைப் பற்றிக் கூறாதுவிடின், அதன் பயன் கெட்டுப்போகலாம். கருவுற்ற தாய்மார் வைத்தியரைக் கேளாமல் இத்தகைய கஷாயங்களை அருந்தலாகாது. ஏற்கெனவே தைரொயிட் மாத்திரை எடுப்போர் அதனைத் தாமாக நிறுத்துதலும் கூடாது.

கடற்பாசியின் பயனை முதலில் அறிந்து சொன்ன பெருமை சீனத்துக்குரியது. நோயறிந்து மருந்து கொடுக்கும் முறையும் அவர்களுடையதே. நோயை அறியுமுன்னர் மருந்தைத் தேடுவது எந்நாட்டு வைத்தியத்துக்கும் உடன்பாடன்று.